கடலோரம் போன பிடிமண்

நேற்று உன் ஊர்க் கரைமேல் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்காரர். உன் மகள் தமிழரசி, இடுப்பில் பிள்ளையோடு. ஊர்த் தலைவர், அவருக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு அவருடைய மச்சான். எதிர்வீட்டுப் பாக்கியம், மீன் கூடையைத் தலையிலிருந்து இறக்காமல் அப்படியே. மண் வெட்டும் பொக்லைனை ஓட்டுகிறவர். உன் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். அப்புறம் நான். இவ்வளவு பேர்தான். வராதவள் நீ ஒருத்தி. வந்திருந்தால் எங்கள் எல்லோர் வாயையும் அடைத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கலைத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பாய்.

இப்படி வரிசையாகச் சொல்வது உனக்குப் பிடிக்காது. "எங்க அண்ணிக்கு பால் கணக்குலேருந்து பந்தியில உக்காந்தவங்க கணக்கு வரிக்கும் எல்லாம் வோணும்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாய். ஆமாம், வேணும். நாலு எழுத்தைக் கோயில் சுவரிலும் பஸ் போர்டிலும் கூட்டிக் கூட்டிப் படித்தவள் நான். எழுதி வைத்தால்தான் எனக்குப் புத்தியில் நிற்கும். யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால், "அண்ணி மறந்துட்டாங்க" என்று நீ தப்பித்துக்கொள்ள முடியாது பார்.

கூட்டம் கூடும் முன்னே தமிழரசி கரைமேல் நீ வைத்த கல்லைக் கழுவினாள். மஞ்சள் எல்லாம் உப்புக் காற்றில் வெளுத்துப் பொருக்காகப் பெயர்ந்து கிடந்தது. சொம்புத் தண்ணீர் வழிந்து அடியில் இருக்கும் மண்ணை நனைத்தது. உடனே ஒரு வாசம் வந்தது. ஒரு பக்கம் கருவாடு காய்கிற வாடை, ஒரு பக்கம் உப்பங்கழியின் வாடை, நடுவில் நம் ஏரிச் சேற்றின் வாசம். மணலூர்பேட்டைக்குப் பக்கத்திலிருந்து இத்தனை தூரம் வந்து, இரண்டு மழைக்காலம் உப்பில் ஊறியும் அந்த மண் தன் வாசத்தை விடவில்லை. உன்னைப் போலத்தான் பிடிவாதம் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "தாய் வூட்டுக்காரங்க சொல்லட்டும். கல்ல எடுக்கலாமா, கூடாதா?"

எல்லோரும் உன் அண்ணனைப் பார்த்தார்கள். உன் அண்ணன் என்னைப் பார்த்தார்.

அந்தக் கல் இருக்கும் இடத்தில் கரையை வெட்டி, கடல் பக்கம் கதவு வைத்த பெரிய குழாய் ஒன்று பதிக்க வேண்டும் என்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அது நடக்காவிட்டால் போன கார்த்திகையில் நடந்தது திரும்ப நடக்கும். வயல் மட்டுமில்லை, உன் தெருவும் உன் வீடும் உள்ளே நிற்கும் மழைத் தண்ணீரில் மூழ்கும். நீதான் ஊரைக் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டாயே: "இது எங்க தாய் வூட்டு அம்மன். எங்க தாய் வூட்டுக்காரங்க வந்து சொன்னாத்தான் யாரும் கை வெக்கணும்." சொன்னவள் போய்விட்டாய். இப்போது ஊரே கையைக் கட்டிக்கொண்டு எங்கள் வாயைப் பார்க்கிறது.

உன்னோடு எனக்கு இது புதிதில்லை. கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து மருமகளாக வந்த எனக்கு ஏரி என்றால் என்ன தெரியும்? எங்கள் பக்கம் தண்ணீர் மலையிலிருந்து ஓடி வரும், ஓடிப் போகும். அதற்கு யாரும் பொங்கல் வைக்க மாட்டார்கள். வந்த வருஷம் ஆடியில் நீதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். பாவாடை தாவணியில் இருந்தாய், எனக்கு உத்தரவு போட்டாய்.

"அண்ணி, செருப்ப கீழயே வுடுங்க. கரைமேல செருப்புக் காலோட ஏறக்கூடாது."

"ஏன்?"

"ஏன்னா இன்னா ஏன்? கரையம்மா உக்காந்துக்கினு கீறாங்க இல்ல."

ஏரி வறண்டு கிடந்தது. கரை நடுவில் ஒரு சின்ன மேடை, ஒரு சூலம், மஞ்சள் பூசிய ஒரு கல். பின்னால் இரும்புச் சக்கரம் ஒன்றில் யாரோ வேட்டியைக் காயப்போட்டிருந்தார்கள். நாம் பொங்கல் வைத்தோம். நான் கும்பிட்டேன். அன்றிலிருந்து இன்று வரை ஆடி வெள்ளி ஒன்றுகூட நான் தவறவிட்டதில்லை. நீ கட்டிக்கொண்டு போன பிறகும் உன் பங்குக்கு ஒரு தேங்காய் சேர்த்து உடைத்தவள் நான்தான்.

கட்டிக்கொண்டு போனது கடலோரத்துக்கு. நம் ஊரைத் தாண்டிப் போகும் பெண்ணை ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிலம் வைத்திருந்த குடும்பம். நெல்லும் மல்லாட்டையும் சவுக்கும் போடுகிறவர்கள். ஊரில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, வந்து சொன்னாய்: "இன்னா ஊரு அண்ணி அது. அவ்ளோ தண்ணிய வெச்சிக்கினு ஒருத்தனுக்கும் கரை போடத் தோணல." உனக்குக் கடல் என்றால் யாரோ கரை போட மறந்துவிட்ட ஏரி.

அந்தப் பேச்சு அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு கடல் மெய்யாகவே உள்ளே வர ஆரம்பித்தது. முதலில் சவுக்குத் தோப்பின் முன்வரிசை சாய்ந்தது. அடுத்து உன் கிணற்றுத் தண்ணீர் கரித்தது. அதற்குப் பிறகு அமாவாசை, பௌர்ணமி வந்தால் போதும், கழி வழியாக உப்புத் தண்ணீர் ஏறி வயலுக்குள் வந்து நின்றுவிட்டுப் போகும். கல் கொட்டித் தருவார்கள் என்று உன் ஊர்க்காரர்கள் மனு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நீ போனில் கத்தினாய். "கல்லு வரும்போது வரட்டும். மண்ணு நம்மகிட்டயே கீதே!"

நீ ஒருத்தி சொல்லியா ஊர் கேட்டது என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். கேட்கவில்லை, நச்சரித்து நச்சரித்து எழுப்பினாய். வறண்ட குளத்தின் களிமண்ணை டிராக்டரில் அடித்து, கழியின் ஓரமாகவும் கடல் பார்த்த பக்கமும் கொட்டி, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து, ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று மிதித்தீர்கள். நான் ஒரு வாரம் வந்து உங்களுக்குச் சமைத்துப் போட்டேன். உன் குரல்தான் கடலலையைவிட ஜாஸ்தி.

"குதிகால வெச்சி மிதி! கோலம் போடறா மாதிரி தடவிக்கினு போற?"

பாக்கியம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "வாங்கடி வாங்க, கடலுக்கு வரப்பு கட்டுறா பாரு மணலூர்பேட்டக்காரி. அப்படியே நாத்தும் வுட்டுடு!"

"நீ பேசிக்கினே மிதி. உன் வூட்டு வாசலும் இந்தக் கரைக்கு உள்ளதான் கீது."

அவள் மிதித்தாள். பேசிக்கொண்டேதான் மிதித்தாள்.

எல்லாம் சரியாக வந்தது, ஒரே ஓர் இடம் தவிர. வயல் தண்ணீர் கழிக்கு இறங்கும் பழைய ஓடை ஒன்று ஊருக்கு நடுவே இருந்தது. அதுதான் ஊரிலேயே பள்ளமான இடம். மழை பெய்தால் மேற்கிலிருந்து வரும் தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் வெளியே போகும். கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வருவதும் அதே வழிதான். உன் வீட்டுக்காரர் அன்றைக்கே கேட்டார், நான் சோற்றுக் கரண்டியோடு பக்கத்தில்தான் நின்றேன்.

"இத்த அடச்சிட்டா மழத்தண்ணி எப்படிடி போவும்?"

"ஏரிக்கரைல ஓட்ட வெச்சா கரை நிக்குமா? ஒரு எலி வளைக்கே ஒடஞ்சி போவும். நீங்க கம்முனு இருங்க."

அவர் கம்முனு இருந்தார். உன்னிடம் கம்முனு இருந்து பழகியவர்.

அந்த ஓடை வாய் மட்டும் எத்தனை கொட்டியும் கரைந்து கரைந்து போனது. அதற்காகத்தான் ஆடியில் ஓடி வந்தாய். பூசாரியிடம் உத்தரவு கேட்டு, நம் கரையம்மன் காலடியில் பிடிமண் எடுத்தாய். ஒரு கைப்பிடி எடுத்தால் போதும், அதுதான் வழக்கம். நீ ஒரு சாக்கு நிறைய ஏரிமண்ணையும் அள்ளிக் கட்டினாய். "கடலு பெரிசு அண்ணி, கைப்பிடி பத்தாது" என்றாய். திருக்கோவிலூர் பஸ்ஸில் உன்னை ஏற்றிவிட வந்து நான்தான் மானம் கெட்டு நின்றேன்.

கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டினார். "மூட்டைல இன்னாம்மா?"

"காலை எடுய்யா. சாமி."

"சாமியா இருந்தாலும் லக்கேஜ் உண்டு."

"எங்க அம்மாவுக்கு லக்கேஜ் போடுவியா நீ?"

"உங்கம்மா சீட்டுல உக்காந்து வந்தா டிக்கெட்டு. சாக்குல வந்தா லக்கேஜ்."

பஸ்ஸே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. சாக்கை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "இப்ப சீட்டுலதான் கீறாங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அந்த மண்ணைக் கொண்டுபோய் ஓடை வாயில் போட்டு, மேலே பிடிமண் வைத்து, அதன்மேல் கல்லை நட்டு மஞ்சள் பூசினாய். கரை அன்றிலிருந்து கரையாமல் நின்றது. ஊர்க்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாக்கியம்கூடத் தினம் ஒரு பூ வைக்க ஆரம்பித்தாள். அந்த வருஷம் மழை கம்மி, கடல்தான் ஜாஸ்தி. கடல் வந்து முட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அறுவடை நாளில் போன் பண்ணி, "உப்பில்லாத நெல்லு அண்ணி, உப்பில்லாத நெல்லு" என்று சொல்லிச் சொல்லி நீ சிரித்ததை நான் மறுக்கவில்லை. நானும் சந்தோஷப்பட்டேன். அம்மனுக்கு அபிஷேகம் செய்தேன்.

அடுத்த வருஷம்தான் வினை. பெண்ணையில் மேலே அணையைத் திறந்தால் தண்ணீர் முதலில் நம் ஊரைத் தாண்டும், அப்புறம்தான் உன் ஊருக்கு. ஆறு நிறைந்தால் உனக்குப் போன் பண்ணுவது என் வேலை. கார்த்திகையில் அப்படித்தான் பண்ணினேன். இங்கே வாழைத்தோப்பெல்லாம் தண்ணீருக்குள் நின்றது.

"ஆத்துல தண்ணி ஜாஸ்தியா போய்க்கினு கீது. அங்க எப்படி?"

"கடலு ஒரு சொட்டு உள்ள வரல அண்ணி. கரை இரும்பு மாதிரி நிக்குது."

"நான் கடலைக் கேக்கலடி. பின்னாடி திரும்பிப் பாரு."

"பின்னாடி இன்னா கீது? நம்ம வயலுதான்."

"அங்கதான் பாக்கச் சொல்றேன்!"

நீ பார்க்கவில்லை. கடலைத் தவிர வேறு எதுவும் உன் கண்ணுக்குத் தெரியவில்லை. மறுநாள் மத்தியானம் உன் வீட்டுக்காரர் போனிலிருந்து அழைப்பு வந்தது. ஆற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் மேற்கிலிருந்து இறங்கி வந்து உன் கரையில் முட்டிக்கொண்டு நிற்கிறது, வெளியே போக வழியில்லை, உன் தெருவில் இடுப்பளவு என்றார். "தங்கச்சி, உன் நாத்தனாருக்கு நீயாவது சொல்லும்மா. ஓடை வாயை வெட்டி வுட்டா வடிஞ்சிடும். அவ கல்லுகிட்ட கைய நீட்டிக்கினு நிக்கிறா, ஒருத்தரயும் வுட மாட்டேன்றா." போனை உன் காதில் வைத்தார். மழைச் சத்தத்தில் உன் குரல் கேட்டது.

"எந்த ஊர்ல அண்ணி ஏரிக்கரைய வெட்டுவாங்க? வெட்டுனவன் குடும்பம் வெளங்குமா? நீங்களே சொல்லுங்க."

"அது ஏரி இல்லடி!"

"தண்ணி நிக்குது இல்ல? அப்ப ஏரிதான்."

இப்படி ஒருத்தியிடம் என்ன பேசுவது? நான் போனைக் கட்டில்மேல் எறிந்துவிட்டு சாமி அறையில் போய் நின்றேன்.

கடைசியில் நீயே மண்வெட்டியைத் தூக்கினாய். அம்மன் இருக்கும் இடத்தில் இல்லை, வடக்கே தலைவர் நிலத்துப் பக்கம். அங்கே தரை மேடு. கொஞ்சம் தண்ணீர் வழிந்தது, மீதி அப்படியே நின்றது. அதற்குள் கடல் ஏறும் நேரம் வந்துவிட்டது. நீ வெட்டிய வாய் வழியாகவே உப்புத் தண்ணீர் உள்ளே வந்தது. எதைத் தடுக்க அந்தக் கரையைக் கட்டினாயோ, அதற்கு உன் கையாலேயே வாசல் வைத்துக் கொடுத்தாய். ஆறு மாத வயிற்றோடு இருந்த தமிழரசி கட்டில்மேல் நின்று ராத்திரியைக் கழித்தாள்.

தண்ணீர் வடிந்த பிறகு நானும் உன் அண்ணனும் வந்தோம். வயலில் சேறு காய்ந்து மேலே வெள்ளை பூத்திருந்தது. நெற்கதிர் நிறம் செத்துத் தலைகீழாகக் கிடந்தது. நீ குனிந்து அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாய், துப்பினாய். பாவம், இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். நீ என்னைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

"பாத்தீங்களா அண்ணி? அம்மாகிட்ட ஒரு விரக்கட மண்ணுகூட சரியல."

"சரியலதான்! அதான்டி கஷ்டமே!"

"ஒசரம் பத்தல. அடுத்த வருசம் இன்னும் ஒசத்தணும்."

அன்றைக்கு நான் உன்னைத் திட்டிய திட்டுக்குப் பாக்கியமே வாயைப் பொத்திக்கொண்டாள். நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சாப்ட்டுத்தான் போவணும், நண்டு வாங்கி வெச்சிருக்கேன்" என்றாய். பஸ் ஏறும்போதுதான் தெரிந்தது, அன்று காலையிலேயே ஊரைக் கூட்டித் தாய் வீட்டுக்காரர் சொன்னால்தான் கை வைக்க வேண்டும் என்று சொல்லி முடித்திருந்தாய்.

தை மாதம் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டாம் தடவை சேர்த்தபோது நான் வருவதற்குள் பேச்சு நின்றுவிட்டது. கரையில் நின்று கடலோடு மல்லுக்கட்டியவள் ஒரு காய்ச்சலுக்குப் போவாய் என்று யார் கண்டார்கள்? பேரனைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவில்லை. உனக்கு எதையும் முடித்துவிட்டுப் போகத் தெரியாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போகிறவள் நீ. நான்தான் ஓடி வந்து இறக்க வேண்டும்.

நேற்று நடந்ததற்கு வருகிறேன். உன் அண்ணன் என்னைப் பார்த்தார் என்றேன் அல்லவா. "அவ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உங்க தங்கச்சி, உங்க ஊரு அம்மன், முடிவு மட்டும் நானா?" என்றேன். அவர் கடலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

குழாயை வேறு இடத்தில் வைத்தால் என்ன என்று கேட்டேன். "மத்த எடமெல்லாம் மேடும்மா" என்றார் தலைவர். "தண்ணி மேட்ல ஏறிப் போவுமா? போன வருசந்தான் பாத்தமே."

உன் வீட்டுக்காரருக்கு வேறு பயம். "கதவு சரியா மூடலன்னா கடலு அது வழியா வந்துடும். பொறவு அவ கட்டுனது எல்லாம் வீணு."

"அவ மூச்சு அந்தக் கல்லுலதான் கீது" என்றாள் பாக்கியம். மீன் கூடையிலிருந்து தண்ணீர் அவள் தோளில் சொட்டிக்கொண்டே இருந்தது. "எடுத்தா கடலும் சும்மா வுடாது, அவளும் சும்மா வுடமாட்டா. சொல்லிட்டேன்."

பொக்லைன்காரர் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். "யம்மா, வண்டிய வேற ஊருக்குக் கேட்டுக்கினு கீறாங்க. எதுவோ ஒண்ணு சீக்கிரம் சொல்லுங்க."

அப்போதுதான் தமிழரசி பேசினாள். சத்தமாகக்கூட இல்லை. "அத்தை, போன கார்த்திகைல இவன வயித்துல வெச்சிக்கினு கட்டில் மேல நின்னேன். இந்தக் கார்த்திகைக்கு இவன எங்க தூக்கிக்கினு நிக்கறது?"

அமாவாசைக்குள் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் உன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். திருக்கோவிலூரில் இறங்கி வேறு பஸ் மாறும்போது உன் அண்ணன் டீ வாங்கி நீட்டினார். வேண்டாம் என்றேன். அவர் என்ன செய்வார், உன்னோடு பிறந்தவர்.

இன்று விடிந்ததும் குளித்துவிட்டு, கற்பூரம் எடுத்துக்கொண்டு நேராக ஏரிக்கரைக்குப் போனேன். பெற்ற தாயிடமே கேட்டுவிடலாம் என்றுதான். போன மாதப் பெருமழையில் ஏரியில் பாதிக்குமேல் தண்ணீர். கற்பூரம் ஏற்றிவிட்டுக் கண்ணை மூடி நின்றேன். உன் கதையை முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை, பின்னால் ஒரு குரல்.

"யக்கா, கொஞ்சம் நவுருங்க."

மதகு திறக்கிற ஆள். கீழே வயலுக்குத் தண்ணீர் விட வந்திருக்கிறார். துண்டை எடுத்து அம்மன் சூலத்தில் மாட்டினார். "தாயே, காலு படுது, கோச்சிக்காத" என்று சொல்லிவிட்டு மேடை ஓரத்தில் ஒரு காலை ஊன்றி, அந்த இரும்புச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்ப ஆரம்பித்தார்.

"சாமிகிட்ட காலு வெக்கிறியே, அறிவு கீதா உனக்கு?"

"வருசம் பூரா இப்பிடித்தான்கா. அம்மாவுக்குப் பழக்கம்."

சக்கரம் கிரீச்சிட்டது. என் காலுக்குக் கீழே, கரைக்குள்ளே, தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அம்மனுக்கு நேர் கீழே. அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் புரண்டு வந்தது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆள் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

உனக்குப் புரிகிறதா? நம் அம்மன் மதகின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். கரையின் வேறு எந்த இடத்திலும் அவளுக்கு மேடை கிடையாது. ஆடியில் ஏரி வறண்டிருக்கும், மதகுக்கு வேலை இருக்காது, நாம் போய்ப் பொங்கல் வைப்போம், சக்கரத்தில் யாராவது வேட்டி காயப்போட்டிருப்பார்கள். அதனால் உனக்கு அம்மன் மட்டும் ஞாபகம் இருந்தது. ஏரிக்கரையில் ஓட்டை வைத்தால் கரை நிற்குமா என்று கேட்டாயே, நம் ஏரிக்கரையில் ஓட்டை இருக்கிறது. நம் அம்மனே அதன்மேல்தான் இருக்கிறாள். நீ அம்மனைச் சாக்கில் கட்டி, லக்கேஜ் சண்டை போட்டு, மடியில் வைத்துக் கொண்டுபோனாய். அவள் உட்கார்ந்திருந்த மதகை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போனாய். சரியான இடத்தில்தான் கல்லை நட்டிருக்கிறாய், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. ஓடை வாய், ஊரிலேயே பள்ளமான இடம், மதகு இருக்க வேண்டிய அதே இடம். அடியில் ஒரு குழாயை வைத்திருந்தால் போன கார்த்திகை சும்மா போயிருக்கும்.

பாக்கியம் சொன்னது போல அம்மனைத் தொந்தரவு செய்வதாக இதுவரை நினைத்திருந்தேன். இன்று அப்படித் தோன்றவில்லை. ஓடையை அடைத்தபோதுதான் அவளைத் தொந்தரவு செய்தோம். தண்ணீரை நிறுத்துவதும் அவள் வேலைதான், விடுவதும் அவள் வேலைதான். விடுகிற வேலையைப் பிடுங்கிக்கொண்டு அவளைச் சும்மா உட்கார வைத்தாய்.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். பெரிய கோயில்களிலேயே திருப்பணி என்றால் பாலாலயம் செய்து, சாமியைத் தற்காலிகமாக ஓரிடத்தில் வைத்துத் தினப்படிப் பூசை நடத்துகிறார்கள். பூசாரியிடம் இன்று காலையிலேயே கேட்டுவிட்டேன், கரையம்மனுக்கும் அப்படிச் செய்யலாம் என்றார். வெள்ளிக்கிழமை நான் வருகிறேன். கல்லை என் கையால் எடுத்து, பிடிமண்ணை அப்படியே ஒரு புதுச் சட்டியில் அள்ளி, உன் வீட்டுச் சாமி அறையில் வைப்பேன். குழாய் பதித்து, கரையைப் பழையபடி மிதித்து ஏற்றிய பிறகு, அதே இடத்தில், குழாய்க்கு நேர் மேலே திரும்ப நடுவேன். ஒரு முழம்கூட நகர்த்த மாட்டேன். கடல் ஏறும்போது மூடிக்கொள்கிற கதவுதான் போடப்போகிறார்கள். ஆனாலும் உன் வீட்டுக்காரர் பயத்துக்காக, கையால் திருப்பி மூட ஒரு சக்கரமும் தலைவரிடம் போனில் கேட்டிருக்கிறேன். அதைத் திருப்புவது யார் என்று இப்போதே தலைவருக்கும் அவருடைய மச்சானுக்கும் சண்டை. தமிழரசி திருப்பட்டும் என்று சொல்லப்போகிறேன். அவளுக்குத்தான் பின்னால் திரும்பிப் பார்க்கத் தெரிகிறது.

கரையை ஒசத்தலாமா என்று கேட்காதே. ஒசத்துவார்கள். கடல் நிற்கவா போகிறது? நீ சொன்னதில் அது மட்டும் சரி. நீ எழுப்பாவிட்டால் அந்த ஊரில் இன்றைக்கு வெட்டுவதற்கே ஒரு கரை இருந்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும். அதை உன் எதிரில் சொல்லியிருந்தால் தலைகால் புரியாமல் ஆடியிருப்பாய், அதனால் சொல்லவில்லை.

இங்கே பெண்ணையில் தண்ணீர் கொஞ்சம் நிறம் மாறினாலும் என் கை இன்னமும் போனைத்தான் தேடுகிறது. உன் எண்ணை அழிக்க மனசு வரவில்லை. ஒருநாள் தவறிப்போய் அழைத்தும்விட்டேன், தமிழரசி எடுத்தாள். அவளிடமே ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று சொன்னேன். இனி அவளுக்குத்தான் சொல்லியாக வேண்டும். நீ என்னிடம் விட்டுப்போனது இந்த வேலை ஒன்றுதான், அதை நான் விடமாட்டேன்.

கல்லை எடுக்க எனக்குத் தைரியம் இருக்கிறது. உன் பேச்சை மீறத்தான் மனசு இடிக்கிறது. கனவில் வருவதானால் வா, ஆனால் வழக்கம் போலச் சுற்றி வளைக்காதே, பாக்கியத்தைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டு இருக்காதே. எடுக்கலாம், அல்லது கூடாது, இரண்டில் ஒன்று போதும். பொக்லைன் காத்திருக்காது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பதில் சொல்லு.

உன் அண்ணி